மண்டப வாசலில் ஒட்டியிருந்த என் கட்டுரை

போன செவ்வாய்க்கிழமை காலை, இட்லியைச் சட்னியில் தோய்க்கிற நேரத்தில் ஒரு போன். எங்கள் வட்டாரத்தின் சுகாதார அலுவலர் — டாக்டரம்மா. கொசு, தடுப்பூசி என்று நான் எது எழுதினாலும் அவரிடம்தான் சந்தேகம் கேட்பேன்.

“சார், உங்க கட்டுரைய ஜெராக்ஸ் எடுத்து ஒரு மண்டபத்து வாசல்ல ஒட்டிவச்சிருக்காங்க. பாத்தீங்களா?”

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. எழுதுகிறவனுக்கு வேறென்ன வேண்டும்?

“எந்த மண்டபம் டாக்டர்?”

“உளுந்தூர்பேட்டை ரோட்ல ஆட்டிசத்துக்குச் சொட்டு மருந்து குடுக்குறாங்களே... அந்த முகாம்.”

ஒரு மாதத்துக்கு முன் இதே பகுதியில் நான் எழுதியது உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கலாம். ஒரு மண்டலம், அதாவது நாற்பத்தெட்டு நாள், சொட்டு மருந்து. குழந்தையின் உடம்பில் சேர்ந்த விஷத்தை அது இறக்கிவிடுமாம், பிறகு பேச்சு வந்துவிடுமாம். நான் அங்கே நின்றது பத்து நிமிஷம். எழுதியது ஒரே ஒரு பாரா. ‘அழுதுகொண்டு உள்ளே போன அம்மாக்கள், சிரித்துக்கொண்டு வெளியே வந்தார்கள். நம்பிக்கையைவிடப் பெரிய மருந்து உண்டா?’ வாக்கியம் நன்றாக விழுந்துவிட்டது. அதிலேயே மயங்கிவிட்டேன்.

“அவங்க வசதிக்கு வெட்டி ஒட்டியிருப்பாங்க டாக்டர். முழுசா படிக்கணும்” என்று தப்பிக்கப் பார்த்தேன். மீதிக் கட்டுரை உளுந்தூர்பேட்டையில் சாப்பிட்ட பரோட்டாவைப் பற்றியது என்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

விடவில்லை நான். “நாலு சொட்டு குடிச்சா என்ன கெட்டுப்போயிடும்?”

“நேத்து ஒரு குழந்தைய ஃபிட்ஸோட தூக்கிக்கினு வந்தாங்க சார். சொட்டு மருந்துக்குப் பத்தியம்னு ஃபிட்ஸ் மாத்திரைய நிறுத்திட்டாங்க. இப்ப பரவால்ல. உங்க கட்டுரைய படிச்சிட்டு உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராவது போனாங்களா?”

யோசிக்கவே தேவையில்லை. செல்வி.

மணலூர்பேட்டையில் பிறந்து வெள்ளிமலையில் வாழ்க்கைப்பட்டவர். கணவர் ஜீப் டிரைவர். என் கட்டுரைகளை ஒன்றுவிடாமல் படித்து வாட்ஸ்அப்பில் கருத்துச் சொல்லும் வாசகி. மகன் கவினுக்கு ஆறு வயது. ஆட்டிசம், கூடவே ஃபிட்ஸ் என்கிற வலிப்பும் உண்டு. ‘கவினை அந்த முகாமுக்குக் கூட்டிட்டுப் போறோம் சார்’ என்று அவர் எழுதியிருந்தார். நான் பதிலுக்கு என்ன அனுப்பினேன்? போனைத் தேடி எடுத்துப் பார்த்தேன். கட்டைவிரலை உயர்த்திக் காட்டும் ஒரு பொம்மை. அவ்வளவுதான்.

செல்விக்கு போன் போட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே. மறுபடி போட்டேன். மறுபடியும் அதே குரல். மலையில் டவர் கிடைப்பது அதிர்ஷ்டம்தான், தெரியும். ஆனாலும் மூன்றாவது முறையும் போட்டேன். விஷயத்தைக் கேட்டதும் டாக்டரம்மா ஒரே வார்த்தைதான் சொன்னார். “கிளம்புங்க.”

கச்சிராயபாளையம் தாண்டி, டாக்டரம்மாவின் வண்டியில் இருவரும் மலையேறினோம். ஒவ்வொரு வளைவிலும் போனைத் தூக்கிப் பார்த்தேன். பயத்தை மறைக்க எதையாவது பேச வேண்டுமே... “நிறைய குழந்தைங்க பேச ஆரம்பிச்சிருக்குன்னு சொல்றாங்களே டாக்டர்?”

“குழந்தை வளரும்ல சார்? சொட்டு மருந்தே குடிக்காத குழந்தையும் ஆறு மாசத்துல ரெண்டு வார்த்த புதுசா பேசும். குடிச்ச குழந்தை பேசினா மருந்துக்குப் பேரு. பேசலன்னா அம்மா பத்தியம் சரியா இருக்கலன்னு பழி. விஷம் இருக்குன்றாங்களே, எந்த டெஸ்ட்ல பாத்தாங்க? குடிச்ச குழந்தைங்களையும் குடிக்காத குழந்தைங்களையும் வச்சு, முறையா சோதிச்சு, வேலை செய்யுதுன்னு காட்டட்டும். நானே முதல் ஆளா வாங்கிக் குடுக்குறேன்.”

இந்தக் கேள்வியில் ஒன்றாவது மண்டப வாசலில் எனக்குத் தோன்றியதா? எனக்குப் பரோட்டா ஞாபகம்.

செல்வியின் வீட்டு வாசலில் கவின் உட்கார்ந்திருந்தான். புளியங்கொட்டைகளை ஒரே வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தான். பெரிதாக மூச்சு விட்டேன்.

செல்விக்கு என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. “சார்! நீங்களா? பதினோரு நாளா ஒரு கொற இல்லாம குடுத்துக்கினு இருக்கோம் சார். வூட்ல கருவாடு வாசனையே கெடயாது. கத்திரிக்கா இல்ல, புளி இல்ல. அவரு வெளிய தின்னுட்டு வந்தாகூட குளிச்சிட்டுதான் உள்ள வரணும்.”

“ஃபிட்ஸ் மாத்திர?” என்றார் டாக்டரம்மா.

“அத நாங்களே நிறுத்திட்டோங்க. முகாம்ல சொல்லல. இங்கிலீஷ் மாத்திர உள்ள போனா பத்தியம் முறிஞ்சிடும்ல?”

எவ்வளவு பெருமையாகச் சொன்னார் தெரியுமா! யாரும் கேட்காமலே, தன் பிள்ளைக்காக ஒரு படி கூடுதலாகப் பத்தியம் காத்த தாயின் பெருமை அது. முகாமில் ‘சொல்லவில்லை’ என்பதுதான் என்னை உறுத்தியது. எந்த மருந்தை நிறுத்தக்கூடாது என்றும் யாரும் சொல்லவில்லையே?

“நடுவுல பையனுக்கு எதுனா ஆச்சா?”

செல்வியின் குரல் இறங்கியது. “நேத்து காலைல... கண்ணு ஒரு பக்கமா சொருகிக்கிச்சுங்க. கை வெட்டி வெட்டி இழுத்துச்சு. அழுதுட்டேன். அப்பறம் மனச தேத்திக்கினேன். விஷம் எறங்கும்போது அப்டி இப்டிதான் இருக்கும், பயப்படாதீங்கன்னு முகாம்ல சொல்லி அனுப்சாங்க.”

டாக்டரம்மா கவின் பக்கத்தில் உட்கார்ந்தார். அவன் வரிசையைக் கலைக்காமல், மெதுவாக அவன் கையைப் பிடித்துப் பார்த்தார். “அது விஷம் எறங்குறது இல்லம்மா. ஃபிட்ஸ். இப்பவே கீழ போலாம், வாங்க.”

செல்வி என்னைப் பார்த்தார். டாக்டரை அல்ல, என்னை. “நீங்க எழுதினீங்களே சார்...?”

“தெரியாம எழுதிட்டேன்மா” என்றேன். அறுபது வயதில் அதைச் சொல்ல எனக்கு அவமானமாக இருந்தது.

இறங்கும் வழியெல்லாம் கவின் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தோம். அவன் கண்ணை மூடித் திறந்தாலும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. டாக்டரம்மாவிடம் செல்வி மெல்லச் சொன்னார். “பேச்சுப் பயிற்சிக்கு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா போனேங்க. அடுத்த மாசம் வா, அடுத்த மாசம் வான்னுதான் சொன்னாங்க. அந்த முகாம்லதான் அர மணி நேரம் ஒக்கார வச்சு, இன்னா ஏதுன்னு கேட்டாங்க.”

டாக்டரம்மா செல்வி பக்கம் திரும்பினார். “அது எங்க தப்புதாம்மா” என்றார். சந்தேகம் தீர்க்க மட்டுமல்ல, காது கொடுக்கவும் தெரிந்த அதிகாரி. அன்றே ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டரிடம் காட்டி, கவினுக்கு மறுபடி மாத்திரை ஆரம்பித்தார்கள். பேச்சுப் பயிற்சிக்கு எந்தக் கிழமை வர வேண்டும் என்று டாக்டரம்மா தன் கைப்படவே எழுதிக் கொடுத்தார்.

இதை எழுதுகிற வரை கவினுக்குத் திரும்ப வலிப்பு வரவில்லை. ஆனால் செல்வியின் பெயர் போனில் வந்தாலே எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்கிறது. இன்னும் எத்தனை வீடுகளில், என் வார்த்தையை நம்பி மாத்திரை அட்டையைப் பரண்மேல் போட்டிருக்கிறார்களோ? அவர்கள் எண் என்னிடம் இல்லையே. ஃபிட்ஸ் மாத்திரையை நிறுத்தியிருந்தால், தயவுசெய்து இன்றைக்கே டாக்டரைப் போய்ப் பாருங்கள்.

நேற்று அந்த மண்டபத்துப் பக்கம் போனேன். முகாம் நடந்துகொண்டுதான் இருக்கிறது. ஜெராக்ஸும் வாசலில் அப்படியே இருக்கிறது.

முகாம்காரர்களே, இந்த வாரக் கட்டுரையையும் அதன் பக்கத்திலேயே ஒட்டுங்கள். இதில் பரோட்டா இல்லை, வெட்டாமல் ஒட்டலாம்.