கிளை முழுவதற்கும் ஒரே கடவுச்சொல்

1988, தைப்பூச நாள். காலை 9.12 முதல் மாலை 5.40 வரை, கிள்ளான் துறைமுகக் கிளையின் மூன்று கணினி முனையங்களிலும் ஒரே பயனர் எண்ணில் சரக்கு விடுவிப்பு ஆணைகள் பதிவாயின. அந்த எண்ணுக்குரிய எழுத்தர் அன்று விடுப்பில் இருந்தார்.

பிப்ரவரி 22, திங்கள். கோலாலம்பூர்த் தலைமை அலுவலகத்தின் தணிக்கைப் பிரிவு இதைப் பொது மேலாளருக்குத் தெரிவித்தது.

பிப்ரவரி 24, புதன். விசாரித்து அறிக்கை தருமாறு கணினிப் பிரிவின் தலைவருக்கு உத்தரவு வந்தது.

மார்ச் 7, திங்கள். கணினிப் பிரிவின் தலைவர் கிள்ளானுக்குச் சென்றார்.

ஏப்ரல் 4, திங்கள். புதிய அனுமதி முறை கிளையில் நடைமுறைக்கு வந்தது.

ஏப்ரல் 8, வெள்ளி. நண்பகல் 12.40க்குக் கிளையிலிருந்து தொலைபேசி அழைப்பு. 12.58க்கு ஓர் அனுமதி சேர்க்கப்பட்டது. ஓர் அனுமதி நீக்கப்பட்டது.

என் பழைய குறிப்பேட்டில் இவ்வளவுதான் இருக்கிறது. கணினிப் பிரிவின் தலைவர் நான். எழுத்தர், மறு ஆண்டில் என் மனைவியானவர். சென்ற ஆண்டு அவர் காலமானார். குறிப்பேட்டில் இடம்பெறாதவற்றை இப்போது எழுதிவைக்கிறேன்.

கப்பலில் வந்திறங்கும் சரக்கைச் சுங்கச் சோதனையில் விடுவித்து, கிடங்கில் வைத்து, உரியவரின் லோரியில் ஏற்றி அனுப்புவது எங்கள் நிறுவனத்தின் தொழில். கணினியில் விடுவிப்பு ஆணை பதிவாகாமல் ஒரு கொள்கலனும் வாயிலைத் தாண்ட முடியாது. அந்த ஆணையைப் பதியும் உரிமையை அதுவரை ஒவ்வொரு கிளை மேலாளரும் தமக்கு நம்பிக்கையான ஆளுக்குக் கொடுத்துவந்தார். அதை மாற்றும் பணி என்னிடம் வந்திருந்தது. எல்லாக் கிளைகளின் அனுமதிகளும் தலைமை அலுவலகத்தில், ஒரே இடத்தில் தீர்மானிக்கப்பட வேண்டும். அனுமதி ஆளுக்கு உரியதன்று, பொறுப்புக்கு உரியது. ஒருவர் ஒரு நாற்காலியில் அமரும்போது அதற்குரிய கதவுகள் அவருக்குத் திறக்கும், எழுந்துவிட்டால் மூடிக்கொள்ளும். அழகான ஏற்பாடு என்று அன்று நினைத்தேன். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

கடவுச்சொல்லைப் பிறருக்குக் கொடுத்தவர் பணிநீக்கம் செய்யப்படுவார் என்று விதிநூல் கூறியது. பொது மேலாளர் என்னிடம் நீளமாக எதுவும் பேசவில்லை. "கொடுத்தாரா, இல்லையா? அறிக்கையில் ஒரு சொல் போதும்" என்றார்.

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் தனியாக வசித்த, ஐம்பதை எட்டிக்கொண்டிருந்த ஒருவன், ஒரு சொல்லைத் தேடிக் கூட்டரசு நெடுஞ்சாலையில் காரோட்டிச் சென்றான்.

கிளை அலுவலகம் கிடங்கின் மாடியில் இருந்தது. எழுத்தர் தலையில் நீலக் கைக்குட்டை கட்டியிருந்தார். நான் என்னை அறிமுகப்படுத்திக்கொண்டு, தணிக்கைத் தாளை மேசைமேல் விரித்தேன். அந்த நேரம் பார்த்துப் பின்வரிசையிலிருந்து ஒரு சீன இளைஞர் தலை தூக்காமலே கேட்டார்: "அக்கா, திஸ் மன்த் என்ன லா?"

"செண்டோல்" என்று மூன்று பேர் ஒரே குரலில் பதிலளித்தார்கள்.

அவர்கள் சொன்னது கடவுச்சொல். மாதந்தோறும் கடவுச்சொல்லை மாற்றியாக வேண்டும் என்பது கணினியின் நிபந்தனை. எனவே மாதத்தின் முதல் நாள் கிளை கூடி, ஏதேனும் ஓர் உணவைத் தேர்ந்தெடுக்கும். சென்ற மாதம் ரோஜாக். விசாரணை அதிகாரியாக நான் கிளையில் கால்வைத்து நான்கு நிமிடங்கள்கூட ஆகியிருக்கவில்லை.

எழுத்தர் கண்ணை ஒருமுறை மூடித் திறந்தார். "சரி சார். இனிமே நான் என்ன சொல்லி என்ன இருக்கு."

"தைப்பூசத்தண்டு நீங்கள் இஞ்ச வேலைக்கு வந்தனீங்களோ?"

"சார் பேசுறது சிலோன் ரேடியோ மாதிரி இருக்கு. எந்த ஊரு?"

"பிறந்தது பிரிக்பீல்ட்ஸில்."

"அதான், சிலோன்காரங்க இருக்கற இடம். அன்னிக்கி நான் பத்துமலைக் கோயில்ல இருந்தேன் சார். எவிடன்ஸ் இருக்கு." கைக்குட்டையை அவிழ்த்தார். மொட்டையடித்து ஐந்து வாரமாகியிருந்த தலை; விரல் நுனி அளவுக்கு முடி முளைத்திருந்தது. "இதை ஃபோட்டோஸ்டாட் எடுத்து ரிப்போர்ட்டோட வைக்கிறீங்களா?"

என்ன வேண்டுதல் என்று கேட்டேன். விசாரணைக்குச் சற்றும் தொடர்பில்லாத கேள்வி அது.

"அதையெல்லாம் ஆடிட்டுக்குச் சொல்லணுமா சார்?"

சிரித்துவிட்டேன். அலுவலக நேரத்தில் நான் சிரித்ததாக அதற்குமுன் நினைவில்லை. அவரை மொட்டைத் தலையுடன் நான் பார்த்தது வாழ்க்கையில் இரண்டு முறை; மற்றது மருத்துவமனையில். இங்கே எழுதுவது முதல் முறையைப் பற்றி மட்டுமே.

மூன்று நாள் அங்கே இருந்தேன். ஒரு பெரிய தாளில் மேல்வரிசையில் பொறுப்புகளையும் இடப்பக்கம் வேலைகளையும் எழுதி, யார் எதைச் செய்கிறாரோ அந்தக் கட்டத்தில் புள்ளி வைத்துக்கொண்டே வந்தேன். எட்டுப் பேர் கொண்ட கிளை. மூன்றாம் நாள் மாலைக்குள் ஒரு விந்தை தெரிந்தது. இரண்டாம் நிலை எழுத்தர் என்ற நெடுவரிசையில்தான் ஏறக்குறைய எல்லாப் புள்ளிகளும் விழுந்திருந்தன. சுங்கப் படிவமும் அவரே, கிடங்கு இருப்பும் அவரே, லோரி ஒதுக்கீடும் அவரே. முன்பிருந்த மேலாளர், தம்மை யாரும் தொந்தரவு செய்யக் கூடாது என்பதற்காக, கிளையின் முழு அனுமதியையும் இந்த ஒரு எண்ணுக்குக் கொடுத்துவிட்டு ஜொகூருக்கு மாற்றலாகிப் போயிருந்தார். அதன்பின் மற்றவர்கள் வேலை செய்ய வேண்டுமானால் அந்த எண்ணில்தான் நுழைந்தாக வேண்டும்.

"மற்ற ஆக்களுக்கும் அனுமதி வேணுமெண்டு தலைமை அலுவலகத்துக்கு எழுதியிருக்கலாமே?"

அவர் ஒரு கோப்பை எடுத்துவந்து என் முன் வைத்தார். ஏழு விண்ணப்பப் படிவங்களின் நகல்கள். ஒவ்வொன்றிலும் கடைசிக் கட்டம் கணினிப் பிரிவுத் தலைவரின் கையொப்பத்துக்கு உரியது. மூலங்கள் பத்து மாதங்களாக என் மேசைத் தட்டில் கிடந்தன என்பதை மறுநாள் கோலாலம்பூரில் உறுதி செய்துகொண்டேன்.

"நான் எதுவும் சொல்லல சார்" என்றார் அவர்.

அறிக்கையில் ஒரு சொல்லுக்குப் பதிலாக நான்கு பக்கம் எழுதினேன். கொடுத்தார் என்று எழுதினேன்; அவர் கொடுக்க நேர்ந்ததற்குக் காரணம் என் மேசை என்றும் எழுதினேன். பொது மேலாளர் இரண்டு முறை படித்தார். புதிய முறையைக் கிளையில் உடனே கொண்டுவரச் சொன்னார். "முதல் வாரம் ஒரு லோரியும் நிற்காமல் கழிந்தால், பழையதை மறந்துவிடலாம். நின்றால் அவர் போகத்தான் வேண்டும்" என்றார். இதை நான் கிள்ளானுக்குத் தொலைபேசியில் எழுத்தரிடம் சொன்னேன். "அப்ப வெள்ளிக்கிழமை வரைக்கும் நான் மேசையைக் காலி பண்ண வேண்டாம்" என்றார்.

திங்கள் முதல் வியாழன் வரை ஒரு குறையும் இல்லை. ஒவ்வொருவருக்கும் சொந்த எண், சொந்தக் கடவுச்சொல், தம் பொறுப்புக்கு வேண்டிய அனுமதி மட்டும். விடுவிப்பு ஆணை பதியும் உரிமை விடுவிப்பு அதிகாரி என்ற ஒரே பொறுப்புக்கு. அந்த நாற்காலியில் இருந்தவர் கிளையிலேயே மூத்த மலாய்க்காரர்; எல்லாரும் என்சிக், அதாவது ஐயா, என்று அழைக்கும் நிதானமான மனிதர். எழுத்தர் ஆணைகளைப் பார்க்கலாம், பதிய முடியாது. தாளில் எல்லாம் நேர்த்தியாக இருந்தது.

வெள்ளிக்கிழமை நண்பகல் தொலைபேசி ஒலித்தது.

"சார், கேட்ல பதினோரு லோரி நிக்குது. என்சிக் தொழுகைக்குப் போயிட்டார். ரெண்டே முக்காலுக்குத்தான் வருவார்."

இந்த நாட்டில் பிறந்து வளர்ந்தவன் நான். வெள்ளிதோறும் நண்பகலில் அலுவலகங்கள் பாதி காலியாவதை முப்பது ஆண்டுகளாகப் பார்த்துவந்தவன். ஆனால் தாளில் கோடு போட்டபோது நாற்காலிகள் மட்டுமே என் கண்ணில் பட்டன.

"பதிய வேற ஆரும் இல்லையோ?"

"உங்க பேப்பர்ல ஒரு நாற்காலிதான் சார் இருக்கு. பந்திங்குக்குப் போக வேண்டிய லோரிக்காரர் வேற மாடிக்கே வந்துட்டார். அங்க பாமாயில் மில்லு காலையிலேர்ந்து நின்னு கிடக்காம். இந்தப் பெட்டியிலதான் அதுக்குச் சாமான் இருக்கு."

அனுமதித் தாளை நான் எடுப்பதற்குள் அவரே தொடர்ந்தார்.

"இன்னொன்னு சொல்லணும். என் பழைய நம்பரை நீங்க எடுக்கவே இல்ல. இப்பத்தான் தட்டிப் பார்த்தேன், திறக்குது. ஒண்ணையும் தொடாம மூடிட்டேன்."

பழைய எண்ணைத் திங்கட்கிழமையே நீக்கியிருக்க வேண்டும். பொறுப்பிலிருந்து நீங்கியவரின் அனுமதி அன்றே நீக்கப்படும் என்று அறிக்கையின் மூன்றாம் பக்கத்தில் எழுதியவனே நான்தான்.

"பக்கத்தில ஆரும் இருக்கினமோ?"

"எல்லாரும் என் பின்னாலதான் நிக்கிறாங்க. ஏப்ரலுக்கும் செண்டோல்னே வெச்சிருந்தோம், எல்லாருக்கும் தெரியும். அதனாலதான் கீபோர்டை நான் கையில வெச்சிருக்கேன். பழைய நம்பர்ல அடிச்சா ரெண்டு நிமிஷத்துல லோரி போயிடும், ஆடிட் வந்து என்னை அனுப்பிடும். அடிக்கலைன்னா லோரி நிக்கும், அதுக்கும் என்னைத்தான் அனுப்புவாங்க. எப்படிப் போகணும்னு சொல்லுங்க சார்."

கடைசி வாக்கியத்தில் மெல்லிய கேலி இருந்தது.

"கீபோர்டைக் கீழ வையுங்கோ. ஒண்டும் அடிக்க வேண்டாம். போனை வைக்காமல் இருங்கோ."

கோலாலம்பூரில் என் முனையத்தின் முன் அமர்ந்து, கணினியில் இருந்த அனுமதி அட்டவணையில் ஒரு புதிய நெடுவரிசையைத் திறந்தேன். பதிலி விடுவிப்பு அதிகாரி. விடுவிப்பு அதிகாரி இல்லாத நேரத்தில் மட்டும் பதியலாம். ஒவ்வொரு பதிவையும் அவர் திரும்பியதும் சரிபார்க்க வேண்டும். அந்தப் பொறுப்பை எழுத்தரின் புதிய எண்ணுடன் இணைத்தேன். பழைய எண்ணை நீக்கினேன். பொது மேலாளரின் ஒப்புதல் தேவை. அவர் மதிய உணவுக்குப் போயிருந்தார். என் பெயரில் கையொப்பமிட்டு, காரணத்தைக் குறித்துவைத்தேன். பத்து மாதங்களாக நான் செய்யத் தவறிய வேலைக்கு அன்று பதினெட்டு நிமிடங்கள் தேவைப்பட்டன.

"இப்ப புது எண்ணில போய்ப் பாருங்கோ."

விசைகள் தட்டும் ஒலி. யாரோ மூச்சை இழுத்துக்கொள்ளும் ஒலி.

"திறந்துடுச்சு சார்" என்றார். பிறகு, "போனை ஜன்னல்கிட்ட வைக்கிறேன். கேளுங்க."

நாற்பது கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு லோரி உறுமிக் கிளம்பியது. அடுத்து மற்றொன்று. யாரோ நீளமாக ஹார்ன் அடித்தார், மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். தொலைபேசியைக் காதில் அழுத்திக்கொண்டு பதினொன்றையும் எண்ணினேன். என் உதவியாளர் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் மூடிக்கொண்டு போனார்.

என்சிக் தொழுகை முடிந்து திரும்பியபோது வாயில் காலியாக இருந்ததாம். தம் வேலையைத் திருடியது யார் என்று மலாயில் கேட்டுக்கொண்டே, எண்ணெயில் பொரித்த வாழைப்பழமான பீசாங் கோரெங் நிறைந்த ஒரு பெரிய பொட்டலத்தை மேசைமேல் வைத்தாராம். "பாதிதான் திருடினேன் என்சிக், மீதியை நீங்க செக் பண்ணணும்" என்றாராம் எழுத்தர். எண்ணெய் படிந்த அந்தக் காகிதத்தின் மேல்தான் பதிவுகளைச் சரிபார்த்தார்கள்.

லோரிகள் அரை மணிக்கு மேல் நின்றதை நான் மறைக்கவில்லை. பழைய எண் திறந்து கிடந்ததையும், அதை அறிந்தவர் அதைத் தொடாமல் என்னை அழைத்ததையும் எழுதினேன். பொது மேலாளர் தாளைக் கீழே வைத்துவிட்டு, "லோரியை நிறுத்தியது நீ. அவரை எதற்காக அனுப்புவது?" என்றார். அத்துடன் அது முடிந்தது. ஜூன் மாதம் ஆவண அதிகாரி என்ற பொறுப்பு உருவாக்கப்பட்டு அறிவிக்கப்பட்டது. பொறுப்பு முதலில், பெயர் பிறகு என்பது என் விதி. நால்வர் விண்ணப்பித்தார்கள், வேறொரு குழு எழுத்தரைத் தேர்ந்தெடுத்தது. முடிவு தெரிந்த அன்று என் மேசைக்குக் கிள்ளானிலிருந்து ஒரு பாத்திரம் வந்தது. உருகிய பனிக்கட்டியில் மிதந்த செண்டோல். கடிதம் ஏதும் இல்லை.

அதன்பின் கிளையின் அனுமதிகளை நேரில் சரிபார்க்கும் தேவை எனக்கு அடிக்கடி ஏற்பட்டது. மறு ஆண்டு ஆகஸ்டில் எல்லாக் கிளைகளுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்பினேன்: கிள்ளான் ஆவண அதிகாரியின் அனுமதிகளை இனித் துணைப் பொது மேலாளர் தீர்மானிப்பார், கணினிப் பிரிவின் தலைவர் அதிலிருந்து விலகுகிறார். காரணம் எழுதவில்லை. தேவையும் இருக்கவில்லை. ஒரு மணி நேரத்துக்குள் ஜொகூரிலிருந்துகூட வாழ்த்து வந்துவிட்டது.

"கல்யாணப் பத்திரிகை அடிக்க முன்னாலேயே மெமோ அடிச்ச மாப்பிள்ளை" என்று பின்னாளில் அவர் விருந்தினர் எல்லாரிடமும் சொல்வார். ஒன்பது ஆண்டுகளில் அந்த வரியை எத்தனை முறை கேட்டேன் என்று எண்ணிவைக்கவில்லை.

மூன்றாம் பக்கத்து விதி இன்றும் சரியானதே. என் வீட்டில் அதை நான் கடைப்பிடிக்கவில்லை. நிலுவையில் உள்ளவை:

குடியிருப்பாளர் சங்கத்தில் எனக்குப் பதிலாக வாக்களிக்கும் பதிலியாக இன்னும் அவர் பெயரே இருக்கிறது. மாற்ற வேண்டும்.

அவருடைய நூலக அட்டையைத் திருப்பித் தர வேண்டும்.

புள்ளிகள் வைத்த அந்தப் பெரிய தாள் அலமாரியின் மேல் சுருளாக இருக்கிறது. கரையான் பார்க்க வேண்டும்.

வேண்டுதல் என்னவென்று இரண்டாவது முறை கேட்கவேயில்லை. கிள்ளானில் இருக்கும் அவருடைய அக்காவுக்குத் தெரிந்திருக்கலாம். கிள்ளானுக்குப் போக வேண்டும்; வெள்ளிக்கிழமை அன்று.