பங்குக்காரியின் கையெழுத்து

கோப்பாயில் வாங்கி விற்கலாமென்று ஒரு காணி பார்த்தேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். பத்திரம் என்றாலே பயம். பத்திரம் எழுதும் நொத்தாரிசு பயத்தைக் கூட்டினார்.

"விக்கிறவரின்ரை தங்கச்சிக்கும் உதிலை பங்கு. எங்கடை தேசவழமைச் சட்டப்படி வாங்கிற முதல் உரிமை அவவுக்கு. வேண்டாமெண்டு அவ கையெழுத்து வைக்காட்டி நாளைக்கு வழக்குத்தான்."

காணிக்குப் பக்கத்து வளவில் குடியிருந்த அந்தத் தங்கையிடம் போனேன். தேத்தண்ணீர் தந்து கேட்டார்: "எப்ப வீடு கட்டிக் குடிவாறீர்?"

'அடுத்த வருசம்' என்று சொல்லித் தப்பியிருக்கலாம். பயத்தில் உண்மை வந்துவிட்டது.

"குடிவரேல்லை அக்கா. விக்கத்தான் வாங்கிறன்."

அவர் சிரித்துவிட்டார். "முந்தி வந்தவை எல்லாரும் குடிவாறமெண்டு பொய் சொன்னவை. ஒருத்தருக்கும் நான் கையெழுத்து வைக்கேல்லை. பேனையைத் தாரும் தம்பி. விக்கேக்கை உம்மைப்போலப் பொய் சொல்லப் பயந்த ஆளாப் பாத்துக் குடும்."

காணியை இன்னும் விற்கவில்லை. வருகிறவர்கள் எல்லாரும் தைரியசாலிகளாகவே இருக்கிறார்கள்.