குவெட்டாவில் மூன்றாம் மாடி

தொலைபேசியைக் காதில் வைத்தால் முதலில் ஓர் இரைச்சல் கேட்கும், அதற்குப் பின்னால் ஓட்டோக்களின் ‘படபட’ச் சத்தம், யாரோ யாரையோ கூப்பிடும் குரல், பிறகு நான் சொன்ன ‘ஹலோ’வே ஒரு நொடி கழித்து எனக்குத் திரும்பி வரும், அதுவும் வந்து அடங்கிய பிறகுதான் அப்பா வருவார். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு குளிர்காலம் முழுக்க ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு அப்பா இப்படித்தான் வந்தார். ரொறன்ரோவின் டோர்செட் பார்க்கில் எங்கள் ஒன்பதாம் மாடி அப்பார்ட்மென்டில் அம்மா தலை முழுகி, சாமிப் படத்துக்கு விளக்கு வைத்து, தொலைபேசிக்கு முன்னால் கதிரையைப் போட்டு எட்டரைக்கே உட்கார்ந்துவிடுவார். எனக்கு அப்போது பதினொரு வயது.

கொழும்பில் ஆட்களை வெளிநாட்டுக்கு அனுப்பும் ஏஜென்சிக்காரன் என்னையும் அம்மாவையும் முதலில் ஏற்றிவிட்டான், அப்பாவை அடுத்த மாதம் கராச்சி வழியாக அனுப்புவதாகச் சொன்னான். அந்த அடுத்த மாதம் வந்தது, அப்பா கராச்சி வரைக்கும் வந்தார், பிறகு அவரை விமானத்துக்குப் பதிலாக ரயிலில் ஏற்றி, சுரங்கம் சுரங்கமாகப் புகுந்து மலை ஏறும் அந்த ரயில் போய் நிற்கிற ஊரில் இறக்கி, ஈரானுக்குப் போகும் பாதை திறக்கும்வரை இங்கே இருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அந்த ஊரின் பெயரை முதல் ஞாயிறு அப்பா மூன்று தரம் சொன்னார், அம்மா கோயில் கலண்டரின் ஓரத்தில் ‘குவெட்டா’ என்று எழுதிக்கொண்டார். போனை வைத்ததும் என்னிடம் திரும்பி, “லைபிரரிக்குப் போய் உந்த ஊர் எப்படிப்பட்டதெண்டு பாத்துக்கொண்டு வா” என்றார்.

எங்களைப்போல் வந்த வீடுகளில் பிள்ளைகளுக்குத்தான் ஆங்கிலம். வாடகைக் கடிதம், பள்ளிக்கூடக் கடிதம், குடிவரவு அலுவலகத்தின் பழுப்பு உறை, எல்லாவற்றையும் நான்தான் பிரித்து வாசித்து அம்மாவுக்குத் தமிழில் சொல்வேன். அம்மா அதைக் கண்ணை மூடிக்கொண்டு நம்புவார். அச்சில் இருப்பது பொய் சொல்லாது என்பது ஒரு நம்பிக்கை, நான் பொய் சொல்ல மாட்டேன் என்பது இன்னொன்று.

நூலகத்தில் அந்த ஊரைப்பற்றி இருந்த கலைக்களஞ்சியத்தை இரவல் தரமாட்டார்கள். சனிக்கிழமைகளில் போய் உட்கார்ந்து கொப்பியில் பார்த்தெழுதினேன். மலைகள் சூழ்ந்த கிண்ணம் போன்ற பள்ளத்தாக்கில், ஐயாயிரத்து ஐந்நூறு அடி உயரத்தில் இருக்கும் மாகாணத் தலைநகரம். பெயருக்குக் கோட்டை என்று பொருள். சில்தான், தகாத்து, சர்கூன், முர்தார் என்று நான்கு மொட்டை மலைகள். மழை மிகக் குறைவு, மலையடிவாரத்து நீரை நிலத்துக்கு அடியில் வாய்க்கால் வெட்டிக் கொண்டுவருவார்கள், அந்தத் தண்ணீரில் ஆப்பிளும் திராட்சையும் வாதுமையும் விளையும். வெள்ளைக்காரன் அங்கே பெரிய பட்டாளத்தை வைத்திருந்தான். அம்மாவுக்குப் பட்டாளத்தில் அக்கறை இல்லை. “தண்ணி கிடக்குது தானே? சோறு?” என்று கேட்டார். சோற்றைப்பற்றிக் கலைக்களஞ்சியம் ஒன்றும் சொல்லவில்லை.

அந்த மலைகளில் வாழ்கிற ஒரு கூட்டத்தார் பேசும் பிராகூயி என்ற மொழி தமிழுக்கு உறவு என்று வாசித்துச் சொன்ன அன்றைக்குத்தான் அம்மாவின் முகம் தெளிந்தது. “அப்ப எங்கட ஆக்கள்தான்!” என்று கீழ் மாடி அன்ரி வரைக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். அடுத்த ஞாயிறு அப்பாவிடம் விசாரிக்க, அவர் ஆப்பிள் விற்கிற ஒருவரிடம் பேசிப் பார்த்ததாகச் சொல்லிச் சிரித்தார். “கல்லும் கண்ணும் கொஞ்சம் விளங்கின மாதிரிக் கிடந்தது. மிச்சம் ஒண்டும் விளங்கேல்லை. ஆனா ஒரு ஆப்பிள் சும்மா தந்தவர்.” அம்மாவுக்கு அது போதுமாக இருந்தது.

அந்தப் பக்கத்தின் நடுவில் இருந்த ஒன்றை மட்டும் நான் அம்மாவுக்குச் சொல்லவில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தைந்தாம் ஆண்டு மே மாதத்தின் கடைசி நாளில், விடியுமுன், ஊர் தூங்கிக்கொண்டிருக்கும்போது பூமி அதிர்ந்து, அந்த நகரம் முழுவதும் இடிந்து விழுந்து, பல்லாயிரம் பேர் படுத்த படுக்கையிலேயே போய்விட்டார்கள். அடுத்த வரிதான் என்னைக் காப்பாற்றியது: பிறகு கட்டிய வீடுகளைத் தாழ்வாகவும் பாரமற்ற கூரையோடும் கட்டினார்கள் என்று இருந்தது. எங்கள் அப்பாவும் அப்படியொரு தாழ்ந்த வீட்டில்தானே இருப்பார் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். ஞாயிறு வந்ததும், தற்செயலாகக் கேட்பதுபோல், “அப்பா, நீங்கள் இருக்கிற இடம் எத்தினை மாடி?” என்று கேட்டேன்.

“மூண்டு மாடி ஹோட்டல் பிள்ளை. நான் மேல் மாடி. ஜன்னலால மலை எல்லாம் வடிவாத் தெரியுது.”

“கீழ ஒரு அறை கேளுங்கோ அப்பா” என்றேன். அப்பா சிரித்தார். அம்மா ரிசீவரைப் பிடுங்கிக்கொண்டு, “என்னடி உது? நாங்கள் ஒன்பதாம் மாடியில இருக்கிறம், அவர் மூண்டில இருந்தா என்ன?” என்றார். நியாயமான கேள்விதான். பதில் என் கொப்பியில் இருந்தது, ஆனால் அதைச் சொன்னால் அம்மா அந்தக் குளிர்காலத்தைத் தாங்கமாட்டார் என்று எனக்குத் தெரியும். ஏற்கெனவே இராத் தூக்கம் இல்லாத மனுசி.

ஆகவே அடுத்த சனிக்கிழமை நான் என் வாழ்க்கையின் முதல் புளுகு மொழிபெயர்ப்பைச் செய்தேன். கொப்பியை விரித்து, குரலைக் கொஞ்சம் கனமாக்கி, “குவெட்டாவில் குளிர்காலத்தில் மேல் மாடிகளில் உறங்குவோருக்கு நெஞ்சுச் சளி பிடிக்கும், ஆகவே அறிந்தோர் கீழ்த் தளத்திலேயே தங்குவர்” என்று வாசித்தேன். அப்பாவுக்குச் சிறு வயதிலிருந்தே இழுப்பு. அம்மாவுக்கு மேற்கொண்டு ஒன்றும் தேவைப்படவில்லை. மறுநாள் காலை, “புத்தகத்திலயே போட்டிருக்கு” என்று தொடங்கி அப்பாவை ஒரு வார்த்தை பேசவிடாமல் கீழே இறங்கச் சொல்லிவிட்டுத்தான் வைத்தார். எனக்கு என் கெட்டித்தனத்தை நினைக்கப் பெருமை தாங்கவில்லை.

அந்தப் பெருமை புதன்கிழமை வரைக்கும்தான். புதன்கிழமை வகுப்பில் மேசைமேல் அடுக்கியிருந்த புத்தகங்களை யாரோ தட்டிவிட, எல்லாம் சரிந்து, அடியில் இருந்த ஒருத்தியின் சாப்பாட்டுப் பெட்டி நசுங்கிப்போனது. அவள் அழுதாள், நான் அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றேன். கட்டடம் விழுந்தால் மேல் மாடிகள் எங்கே விழும்? கீழ்த் தளத்தின்மேல்தானே. மூன்று மாடிக்கு உச்சியில் இருந்த அப்பாவை நானே பொய் சொல்லி இறக்கி மூன்று மாடிக்கும் அடியில் படுக்கவைத்திருக்கிறேன்.

அந்த ஞாயிறு தொலைபேசி வரவில்லை. ஒன்பது, பத்து, பதினொன்று. அம்மா, “லைன் கிடைச்சிருக்காது” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டே கதிரையை விட்டு எழும்பாமல் இருந்தார். நான் நூலகத்துக்கு ஓடி, கம்பியில் தொங்கிய ஆங்கிலப் பத்திரிகைகளின் உலகச் செய்திப் பக்கங்களை எழுத்து விடாமல் பார்த்தேன். அந்த ஊரின் பெயர் எங்கும் இல்லை. இல்லை என்பதால் ஒன்றும் நடக்கவில்லை என்றா, இன்னும் செய்தி வந்து சேரவில்லை என்றா? அந்த ஒரு கிழமை நான் சாப்பிட்டது எதுவும் நினைவில்லை. உண்மையைச் சொல்லி மேலே ஏறச் சொல்லலாம் என்றால் யாரிடம் சொல்வது? அப்பாவை நாங்கள் கூப்பிட ஓர் இலக்கம்கூட எங்களிடம் இல்லை.

அடுத்த ஞாயிறு ஒன்பதுக்கு மணி அடித்தது. இந்த முறை அம்மாவை முந்திக்கொண்டு நான்தான் எடுத்தேன். இரைச்சல், ஓட்டோ, என் ‘ஹலோ’, பிறகு அப்பா. “போன ஞாயிறு சரியான பனி பிள்ளை, போன் கடை பூட்டு” என்றார்.

“எங்க இருக்கிறீங்கள்? கீழேயோ?”

“கீழ அறை இல்லையெண்டிட்டாங்கள். கொம்மா விடமாட்டா எண்டு ஹோட்டல் முதலாளிட்டச் சொன்னன். அந்த மனுசன் தன்ர பழைய வீட்டில ஒரு அறை தந்திருக்கு. பேக்கரிக்குப் பக்கத்தில. மாடியும் இல்லை கீடியும் இல்லை, மேல வெறும் தகரம்தான். ரொட்டி சுடுற போரணைச் சூட்டில நல்ல இதமாக் கிடக்கு.”

ரிசீவரை அம்மாவிடம் கொடுத்துவிட்டுக் குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டி, தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். வெளியே அம்மா, “பாத்தீங்களே, புத்தகம் சொன்னது சரிதானே?” என்று அப்பாவிடம் சொல்வது கேட்டது.

ஈரான் பாதை திறக்கவேயில்லை. சித்திரையில் அப்பா திரும்பவும் கராச்சிக்கு இறங்கி, வேறொரு ஏற்பாட்டில் விமானம் ஏறி, ரொறன்ரோ விமான நிலையத்தின் கண்ணாடிக் கதவைத் தாண்டி, காதுவரை இழுத்த கம்பளித் தொப்பியோடு வந்து நின்றார். அன்றைய இரவுச் சாப்பாட்டில், மூன்று சாப்பாட்டுக் கோப்பைகளிலும் சோறு இருப்பதைப் பார்த்த துணிவில், நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அம்மா கோப்பையைத் தள்ளிவிட்டு எழும்பினார். “உதை அப்ப சொல்லியிருந்தா நான் செத்திருப்பனடி” என்று என் முதுகில் ஒன்று வைத்தார், வைத்த கையாலேயே என்னை இழுத்து அணைத்துக்கொண்டு விக்கி விக்கி அழுதார். அப்பா மட்டும், “அப்ப அந்த நெஞ்சுச் சளி?” என்று கேட்டுவிட்டு, இருமல் வரும்வரை சிரித்தார்.

அந்த நூலகத்தில் இப்போது கலைக்களஞ்சியம் கிடையாது, அது இருந்த இடத்தில் கணினிகள். போன் கடையைப் பற்றிச் சொன்னால் என் மகளுக்கு விளங்குவதில்லை. அண்மையில் பள்ளிக்கூட வேலை ஒன்றுக்காக அவள் என் அப்பாவிடம் அந்த ஊரைப்பற்றி விசாரித்தாள். அப்பாவுக்கு ரொட்டியும் குளிரும்தான் நினைவுக்கு வந்தன, மற்றதைக் கொம்மாவிடம் கேள் என்று என்னைக் கைகாட்டிவிட்டார். என் அம்மாவுக்கோ ஊரின் பெயரே சட்டென்று வரவில்லை. ஒரு குளிர்காலம் முழுக்க மனப்பாடமாக வைத்திருந்த நானும், இதை எழுத உட்கார்ந்தபோது நான்கு மலைகளில் இரண்டின் பெயரைத் தேடித்தான் எடுக்கவேண்டியிருந்தது. அதற்காக நான் கொஞ்சமும் வருந்தவில்லை. அந்த ஊரில் இப்போது எங்களுடைய ஆள் ஒருவரும் இல்லை.