மகன் சாத்திய ஜன்னல்

‘லைன் பெரியம்மா’ என்ற பெயர் முதன்முதலில் காதில் விழுந்தது ஒரு சாவு வீட்டில். வெளியூர்ச் சொந்தங்களுக்கு எப்படித் தகவல் சொல்வது என்று எல்லோரும் கையைப் பிசைந்துகொண்டு நிற்க, செத்தவரின் இளைய சம்பந்தி, “லைன் பெரியம்மாகிட்ட சொல்லுங்க, அரை மணியில எல்லா ஊருக்கும் சேதி போயிடும்” என்றார். அவருக்கு அவள் ஒன்றுவிட்ட அக்கா. அவர் பிள்ளைகள் கூப்பிட்ட பெயரே எல்லோருக்கும் பெயராகிப்போனது.

தொலைபேசி நிலையத்தில் முப்பத்தோரு வருஷம் ஊருக்கெல்லாம் லைன் போட்டுக் கொடுத்தவள். எதிர்முனையில் இருப்பவன் என்ன வசை பாடினாலும், அவனாக வைக்கிற வரைக்கும் இவள் இணைப்பைத் துண்டிக்கக் கூடாது. துண்டித்தால் விளக்கம் கேட்டு மேலிடத்து மெமோ வரும். அது எலும்பில் ஏறிவிட்டது. ஓய்வு பெற்றுப் பதிமூன்று வருஷம் கழித்தும், தவறி வந்த அழைப்பைக்கூட அவளாக வைத்ததில்லை.

அந்தப் பழக்கம்தான் எமனாக வந்தது. ஒரு நாள் காலை, செல்போன் திரையில் போலீஸ் சீருடை போட்ட ஒருவன். “உங்க பேர்ல வந்த பார்சல்ல போதை மருந்து இருக்கு. யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாது, லைனைக் கட் பண்ணக்கூடாது” என்றான். நாலு மணி நேரம் பிடித்து வைத்தான். போனை அணைக்காமல் கைப்பையில் போட்டுக்கொண்டு வங்கிக்குப் போய், சேமிப்பு முழுவதையும் அவன் சொன்ன கணக்குக்கு அனுப்பினாள். “சோதனை முடிஞ்சதும் திரும்பி வந்திடும்” என்றவன் பட்டென்று வைத்தான். திரும்பக் கூப்பிட்டால் அப்படி ஓர் எண்ணே இல்லை.

சாயங்காலம் மகனிடம் சொன்னாள். அவன் முதல் காரியமாக ஜன்னலைச் சாத்தினான்.

“வெளியில சொல்லிடாதீங்கம்மா. என் மாமனார் வீட்டுக்குத் தெரிஞ்சா சிரிப்பாங்க.”

மருமகள் தன் பங்குக்கு, “ஊரையே பேச வச்சவங்க நீங்க. உங்களையே ஒருத்தன் பேசிக் கவுத்துட்டானே அத்தை” என்றாள்.

இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டு கிடந்தாள். மூன்றாம் நாள் வயிற்றெரிச்சல் தாங்காமல், யாரிடமும் சொல்லாமல் காவல் நிலையத்துக்குப் போனாள்.

எழுத்தர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “இந்த வயசுல உங்களுக்கு எதுக்குப் பெரியம்மா போனெல்லாம்?”

“உனக்கு எதுக்குப்பா பேனா? காது குடையவா? எழுது.”

எழுதினான். உள்ளே இருந்த பெண் அதிகாரி வங்கிக்குப் பேசிவிட்டு உதட்டைப் பிதுக்கினார். “அன்னைக்கே வந்திருந்தா நிறுத்தி வச்சிருக்கலாம்மா. நேத்து சாயங்காலம்தான் எடுத்திருக்கான்.”

நேற்றுச் சாயங்காலம்! வீட்டுக்கு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“அவன் தின்னது பாதி, உன் மானம் தின்னது பாதிடா. திருடினவன் நெஞ்சை நிமித்திட்டுப் போறான், பறிகொடுத்தவ ஜன்னலைச் சாத்திட்டு உட்காரணுமா? செவ்வாய்க்கிழமை பென்ஷன்காரங்க சங்கத்துல எழுந்து நின்னு சொல்லப்போறேன்.”

“சொன்னா நான் உங்களோட பேசமாட்டேன்.”

“பேசாதே. நாலு மணி நேரம் பேசினவனால பட்டதே போதும்.”

ஓய்வூதியர் சங்கத்தில் அறுபது பேருக்கு முன்னால் ஒன்று விடாமல் சொன்னாள், போனை அணைக்காமல் கைப்பையில் போட்டுக்கொண்டு வங்கிக்குப் போனதுவரை. ஒருவரும் சிரிக்கவில்லை. தொலைபேசி நிலையத்தில் பக்கத்து நாற்காலியில் இருபது வருஷம் வேலை பார்த்த தோழி மட்டும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். இரண்டு மாதத்துக்கு முன்னால் அவளுக்கும் அதே சீருடை, அதே பார்சல்.

“ஏன்டி சொல்லல?”

“வெட்கமா இருந்துச்சுடி.”

“உன் வெட்கம் என் தலையில விடிஞ்சுது பாரு! நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, மெமோவாவது மண்ணாங்கட்டியாவதுன்னு அவன் மூஞ்சியில அடிச்ச மாதிரி போனை வச்சிருப்பேன்.”

கண்ணில் நீர் முட்டுகிற வரைக்கும் திட்டினாள். திட்டிக்கொண்டே கையைப் பிடித்து இழுத்துப்போய் அவளையும் புகார் கொடுக்க வைத்தாள். அதைப் பார்த்துவிட்டு மறுவாரம் இன்னும் மூன்று பேர் வாயைத் திறந்தார்கள்.

பணம் இன்னும் வரவில்லை. மகனும் பேசுவதில்லை, சாப்பிடக் கூப்பிடுவதுகூட மருமகள் வழியாகத்தான். லைன் பெரியம்மா செவ்வாயும் வெள்ளியும் காலை பத்து மணியிலிருந்து சங்கத்து மாடியறையில் இருக்கிறாள். இப்படிப் பறிகொடுத்தவர்கள் யாரும் வந்து சொல்லலாம், கூடவே வந்து புகார் கொடுக்க வைப்பாள்.