முதுகு பார்த்த ஒரே கோல்

எங்கள் ஊர்க் கால்பந்து அணியின் தலைசிறந்த ரசிகர் இருபது வருடமாக ஒரு கோலைக்கூடப் பார்த்ததில்லை. இதைக் கேலிக்காகச் சொல்லவில்லை. வரலாறு துல்லியமாக இருக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

பிழைப்புக்கு அவர் லிஃப்ட் மெக்கானிக். மூன்றாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு அலறுகிறவர்களை எண்ணெய்க் கையோடு மேலேயிருந்து எட்டிப் பார்த்து, விழாது, நின்றுதான் போயிருக்கிறது என்று ஆறுதல் சொல்வது வாரநாள் உத்தியோகம். ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் பெரிய டிரம் அடிப்பார். டிரம்காரர் கூட்டத்தைப் பார்த்துத்தான் நிற்க வேண்டும், அவர் கை இறங்கினால்தான் கோஷம் கிளம்பும் என்பது எங்கள் காலரியின் சட்டம். ஆகவே ஆட்டத்துக்கு அவர் காட்டியதெல்லாம் முதுகுதான். பட்டப்பெயரும் அதுவே ஆயிற்று.

முதுகுக்கு அதில் குறையே இல்லை. ஆட்டத்தை எங்கள் முகங்களில் பார்த்துக்கொள்வார். ஆயிரம் வாய் ஒன்றாகத் திறந்தால் பந்து கோலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஆயிரம் கை தலைக்குப் போனால் வெளியே போய்விட்டது. இந்த வருடம் கைகள் தலையைவிட்டு இறங்கவே இல்லை. அணி தோற்றது, மறுபடி தோற்றது, பிறகு அதையே பழக்கமாக்கிக்கொண்டது. கோச்சை வைத்துக்கொள்வதா, அனுப்புவதா என்று ரசிகர் உலகம் இரண்டாகப் பிளந்தது.

பிளவுக்கோடு முதுகின் வீட்டுக்குள்ளேயே ஓடியது. கீழ் வீட்டில் இருக்கும் அவருடைய அண்ணன் ‘போ’ கட்சித் தலைவர். தோற்றுவிட்டு வந்து பேட்டியில் சிரிக்கிற மனிதனை எதற்குக் கட்டி அழ வேண்டும் என்பது அவர் வாதம். மாடியில் முதுகின் மனைவி ‘இரு’ கட்சியின் உயிர்நாடி. வீட்டுக்கு வந்த மருமகளுக்குக்கூட ஒரு வருடம் டைம் கொடுக்கிறார்கள், இவருக்கு ஆறு மாதம்தானா என்று கேட்டார்.

இவ்வளவு உயர்ந்த கொள்கைப் போர் வழக்கம்போலத் தண்ணீர்க் குழாயில் வந்து முடிந்தது. மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாரின் சுவிட்ச் கீழ் வீட்டில். அண்ணன் அதைப் போட மறந்தார். தினமும் மறந்தார். கால்மிதியை உதற மாடியில் வேறு இடமே இல்லாததுபோல, அண்ணனுடைய ஸ்கூட்டருக்கு நேர் மேலே நின்று உதறினார் தம்பி மனைவி. இருவருக்கும் பேச்சு நின்றது. ஊரையே மாடி ஏற்றிவிடுகிறவர் சொந்த வீட்டுக்குக் குடம் குடமாகப் படியேறித் தண்ணீர் சுமந்தார்.

அந்த ஞாயிறு தோற்றால் கீழ்ப்பிரிவுக்கு இறங்க வேண்டியதுதான் என்ற நிலை. முந்தின நாள் அண்ணன் ரகசியமாகக் கூப்பிட்டார். ஆட்டம் சூடுபிடித்ததும் டிரம்மில் மூன்று அடி. ‘போ’ கட்சி மொத்தமும் கோச்சுக்கு முதுகைக் காட்டித் திரும்பும்.

“நீ மட்டும் அடிக்கல, அப்புறம் அண்ணன்னு சொல்லிக்கிட்டு கீழ் வீட்டு வாசப்படி மிதிக்காதே.”

மாடிக்கு வந்தால் மனைவியிடமும் ஒரு ரகசியம் தயாராக இருந்தது. மூன்று அடி. ‘இரு’ கட்சி மொத்தமும், கோச்சைத் துரத்தத் துடிக்கும் நிர்வாகிகளுக்கு முதுகைக் காட்டித் திரும்பும். நிர்வாகிகள் உட்கார்ந்திருப்பது எதிர்ப்பக்கக் காலரியில்.

“அடிக்கலேன்னா டிரம் பழைய இரும்புக் கடைக்குப் போயிரும். கூடவே நீங்களும் போகலாம்.”

முதுகு இரவெல்லாம் புரண்டார். விடியும்போதுதான் உறைத்தது: இரண்டு கட்சியும் கேட்பது அதே மூன்று அடி. மைதானத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பப்போவதும் ஒரே பக்கம். லிஃப்டில் இருவர் ஒரே மாடிக்குப் பொத்தானை அழுத்தினால் மெக்கானிக்குக் கவலை ஏது?

அடித்தார். காலரி முழுவதும் திரும்பியது. இடப்பக்கத்து ‘இரு’ கட்சி திரும்பியதை வலப்பக்கத்து ‘போ’ கட்சியும், ‘போ’ கட்சி திரும்பியதை ‘இரு’ கட்சியும் ஓரக்கண்ணால் பார்த்து அதிர்ந்தன. இப்போது யார் முதலில் மறுபடி ஆட்டத்தின் பக்கம் திரும்புகிறார்களோ அவர்கள் தோற்றவர்கள். ஒருவரும் அசையவில்லை. இத்தனை பேரும் டிக்கெட் வாங்கி, காலரிக்குப் பின்னாலிருந்த வெள்ளையடித்த சுவரைப் பயபக்தியோடு பார்த்துக்கொண்டிருந்தோம்.

முதுகுக்குப் பார்க்க முகமே இல்லை. கண் முன்னே வரிசை வரிசையாக முதுகு. வேறு வழியில்லாமல், டிரம்மைத் தொட்ட நாளாகச் செய்யாத காரியத்தைச் செய்தார். ஆட்டத்தின் பக்கம் திரும்பினார்.

சற்று நேரத்தில் டிரம் அதிர்ந்தது. மூன்று அடி அல்ல, முன்னூறு. சுவரைவிட்டு நாங்கள் திரும்பியபோது ஆட்டக்காரர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து கிடந்தார்கள். ஸ்கோர் பலகையில் எங்களுக்கு ஒன்று.

இடப்பக்கத்திலிருந்து மனைவியும் வலப்பக்கத்திலிருந்து அண்ணனும் படியிறங்கி ஓடிவந்தார்கள். கோல் எப்படி விழுந்தது என்பதில்தான் இனி எல்லாமே இருந்தது. திட்டம் போட்டு விழுந்ததென்றால் கோச் இருக்கலாம். குருட்டாம்போக்கில் விழுந்ததென்றால் போகலாம். எப்படிச் சொன்னாலும் முதுகுக்கு வீட்டில் ஒரு மாடி போய்விடும்.

“பந்து மூலையில இருந்து வந்துச்சு. நம்ம தடியன் முழங்கால்ல பட்டு உள்ள போச்சு,” என்றார் முதுகு.

“அது கோச் சொல்லிக்குடுத்த முழங்காலா இருக்கும்,” என்றார் மனைவி.

“முழங்காலுக்கு யாருடா சொல்லிக்குடுப்பான்?” என்று தம்பியிடம் கேட்டார் அண்ணன்.

“கோச் என்ன பண்ணிட்டு இருந்தாரு, அதைச் சொல்லுங்க,” என்றார் மனைவி.

முதுகு டிரம்மைத் தடவிக்கொண்டார். பொய் சொல்லத் தெரியாத மனிதர்.

“அவரு கோலையே பாக்கல. நீங்க எல்லாரும் ஏன் சுவத்தைப் பாத்து நிக்கிறீங்கன்னு திரும்பி உங்களைத்தான் பாத்துட்டு இருந்தாரு.”

பார்க்காத கோலுக்கு ஒரு மனிதனைப் பாராட்டுவதும் கஷ்டம், திட்டுவதும் கஷ்டம். முதலில் அண்ணனின் மனைவி சிரித்தார். அவர் எந்தக் கட்சியிலும் இல்லாமல் கடலை தின்றுகொண்டிருந்தவர். பிறகு அடக்கிப் பார்த்தும் முடியாமல் மற்ற இருவரும் சிரித்தார்கள். அதே ஸ்கோரில் ஆட்டம் முடிந்தது. கீழே இறங்காமல் தப்பினோம். சீசன் முடியும்வரை கோச் நீடிப்பார் என்று நிர்வாகம் அறிவித்தது. ‘நீடிப்பார்’ என்பதை ‘இரு’ கட்சியும், ‘முடியும்வரை’ என்பதை ‘போ’ கட்சியும் தத்தம் வெற்றியாகக் கொண்டாடின.

முதுகு வீட்டுக்கு வந்ததும் பழக்கதோஷத்தில் குடத்தைத் தூக்கினார். கீழே மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. குடத்தை வைத்துவிட்டுப் படியிலேயே உட்கார்ந்தார். கோல் அப்படியொன்றும் பிரமாதமில்லை, முகங்கள்தான் நன்றாக இருக்கும், அடுத்த வாரம் ஒழுங்காகக் கூட்டத்தின் பக்கமே பார்த்து நிற்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டார்.

மொட்டைமாடியிலிருந்து மனைவியின் குரல் கீழ் வீட்டு அண்ணனை நோக்கி இறங்கியது.

“அத்தான், போதும் நிறுத்துங்க. தொட்டி வழியுது.”