கண்ணில் சொட்டு விட்ட நாள்

நாளிதழில் சென்னையின் அந்தப் பெரிய நூலகத்தின் படத்தைப் பார்த்ததிலிருந்தே ஒருமுறை உள்ளே போய்ப் பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு ஆசை. கடைசியில் போன அன்று எனக்குக் கண் தெரியவில்லை.

சர்க்கரையால் விழித்திரையில் கசிவு இருக்கலாம், சென்னையில் காட்டிவிடுங்கள் என்று திண்டிவனத்து டாக்டர் சொல்லியிருந்தார். அது வேர்க்கடலை, எங்கள் ஊர்ப் பேச்சில் மல்லாட்டை, பிடுங்கும் நேரம். வீட்டுக்காரரால் நிலத்தை விட்டு வர முடியவில்லை. "நான் வர்றேன்க்கா" என்று கிளம்பி வந்தவள் என் ஓரகத்தி, அவருடைய தம்பி மனைவி. மயிலத்துக்குப் பக்கத்தில் ஒரே வாசலில்தான் எங்கள் இரண்டு வீடும். ஆனாலும் தண்ணீர் வந்ததா, கரண்ட் போனதா என்பதைத் தாண்டி நாங்கள் பேசிக்கொண்டதில்லை. சண்டை எதுவும் கிடையாது. பேச வாய்க்கவில்லை, அவ்வளவுதான்.

மருத்துவமனையில் கண்மணி விரிவதற்குச் சொட்டு மருந்து விட்டு ஸ்கேன் எடுத்தார்கள். பெரிய டாக்டர் சாயங்காலம்தான் பார்ப்பார் என்றார்கள். வெளியே வந்ததும் வெயில் கண்ணில் குத்தியது.

"எங்கயாச்சும் நெழலா உக்காரலாமாக்கா?" என்றாள்.

நூலகம் பக்கத்தில்தான் என்று தெரியும். ஆட்டோவில் போய் இறங்கினோம். வாசலில் நின்று நிமிர்ந்தேன். வெள்ளை வெளிச்சம், அதற்குள் நீலமாக ஏதோ ஒரு வளைவு. வேறொன்றும் பிடிபடவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. இனிமேல் எல்லாமே இப்படித்தானோ என்ற பயம் அது.

அவள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அழாதக்கா. நான் பாத்து சொல்றேன். செவுரே இல்ல, முழுக்கக் கண்ணாடி. களத்துல மூட்டை அடுக்குவாங்களே, ஒண்ணு மேல ஒண்ணு, அது மாதிரி மாடி. ஒவ்வொண்ணும் கீழ இருக்கறத உட வெளிய நீட்டிக்கினு இருக்கு. எப்பிடித்தான் உழாம நிக்குதோ!"

உள்ளே போனதும் அவள் குரல் தானாகவே தாழ்ந்தது. "நடுவுல கெணறு மாதிரி உட்டிருக்காங்க. நாம கெணத்தடியில நிக்கிறோம். மேல வானம் தெரியுது. சுத்தி படிக்கட்டு போவுது, அதுலயே உக்காந்து படிச்சிக்கினு இருக்காங்க."

தமிழ்ப் பிரிவில் கைக்குக் கிடைத்த ஒரு புத்தகத்தை எடுத்து விரித்தேன். எழுத்தெல்லாம் கலங்கி மிதந்தது. மூடி வைக்கப் போனேன்.

"குடுக்கா இப்பிடி."

வாங்கிப் படிக்க ஆரம்பித்தாள். ஒவ்வொரு சொல்லாக, நிறுத்தி நிறுத்தி. கொஞ்ச நேரத்தில் நூலகத்துப் பெண் ஒருவர் வந்து, "இங்கே வாய்விட்டுப் படிக்கக் கூடாதும்மா" என்றார். ஓரகத்தி என் கண்ணைக் காட்டி விஷயத்தைச் சொன்னாள். அவர் எங்களைக் கையோடு கீழே குழந்தைகள் பகுதிக்கு அழைத்துப் போய், "இங்கே எவ்வளவு சத்தமா வேணும்னாலும் படிங்க" என்று உட்கார வைத்தார்.

அங்கே ஒரு நத்தை ரோட்டைக் கடக்கும் கதையை எடுத்தாள். இரண்டு பக்கம் போனதும் திக்கல் நின்றது. நத்தைக்கு ஒரு குரல், லாரிக்காரனுக்கு ஒரு குரல். மழை வந்தபோது மழைக்கும் ஒரு குரல். நான் சிரித்தேன். எங்கிருந்தோ ஒரு பெண் குழந்தை வந்து அவள் மடியில் சாய்ந்து நின்று, "அப்புறம்?" என்றது.

"நீ நல்லா படிக்கிறியே!" என்றேன்.

"இஸ்கூல்ல பிரேயர்ல நான்தான்க்கா செய்தி வாசிப்பேன். எல்லாரும் கம்முனு கேப்பாங்க. எட்டாவதோட நிறுத்திட்டாங்க. அதுக்கப்புறம் யாரும் என்னைப் படிக்கச் சொல்லல" என்றாள்.

அவள் முகம் எனக்குத் தெளிவாகத் தெரியவில்லை. "இன்னொண்ணு எடு" என்று மட்டும் சொன்னேன். சாயங்காலம் வரை படித்தாள்.

லேசர் வைத்தால் பார்வை போகாமல் காப்பாற்றிவிடலாம், பயப்பட வேண்டாம் என்றார் டாக்டர். திரும்பும் பஸ்ஸில் நாங்கள் இறங்க வேண்டிய கூட்டேரிப்பட்டு வரும்வரை இரண்டு பேரும் பேசிக்கொண்டே வந்தோம். அவள் பிறந்த கண்டாச்சிபுரத்துப் பக்கத்து ஊரைப் பற்றி, அவள் டீச்சரைப் பற்றி, என் பயத்தைப் பற்றி.

லேசர் வைத்ததில் பார்வை தப்பியது. அடுத்த முறை பரிசோதனைக்குப் போனபோது, சொட்டு விடுவதற்கு முன்பே நூலகத்துக்குப் போனோம். அந்தக் கண்ணாடி மாடிகளை என் கண்ணாலேயே நன்றாகப் பார்த்தேன். அவள் சொன்னது சரிதான், ஒவ்வொன்றும் வெளியே நீட்டிக்கொண்டுதான் இருந்தது. குழந்தைகள் பகுதியில் ஒரு புத்தகத்தை எடுத்து அவளிடம் நீட்டினேன்.

"இப்பதான் உனக்குக் கண்ணு தெரியுதே?"

"தெரியுது. நீ படி."