தங்கையின் நெஞ்சில் அறுந்த கம்பி

டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் மாட்டி, தோள்பட்டைக்குக் கீழே விரல் வைத்துக் காட்டினார். என் தங்கையின் இதயத்துக்குப் போகும் மெல்லிய கம்பி அங்கே அறுந்திருந்தது. மயிரிழை அளவு இடைவெளி. பிறவியிலேயே இதயக் கோளாறு அவளுக்கு. பள்ளியில் சேரும் முன்பே, துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கரும் அதிலிருந்து இதயத்துக்கு இந்தக் கம்பியும் வைத்துவிட்டார்கள். அவள் வளர்ந்தாள், கம்பி வளரவில்லை. இழுபட்டு இழுபட்டு, கல்லூரிக் கடைசி வருடத்தில் அறுந்துபோனது. அடுகோடி பஸ் நிறுத்தத்தில் மயங்கி விழுந்தவளை யாரோ ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவந்து சேர்த்திருந்தார்கள்.

பழைய கம்பியை அப்படியே விட்டுவிட்டுப் பக்கத்தில் புதியது வைக்கலாம். இல்லையென்றால் அதை எடுத்துவிட வேண்டும். இத்தனை வருடத்தில் அது ரத்தக்குழாயோடும் இதயச் சுவரோடும் ஒட்டிப்போயிருக்கும், பிரிக்கும்போது கிழியலாம் என்றார் டாக்டர். அம்மா, தங்கவயல் சுரங்கத்தில் தன் அப்பாவைப் பறிகொடுத்தவர். "உள்ள இருக்கறது இருந்துட்டுப் போகட்டும் டாக்டர்," என்று கெஞ்சினார்.

தங்கைதான் ஒத்துக்கொள்ளவில்லை. "ஒவ்வொரு தடவையும் புதுசு வெச்சுக்கிட்டே போனா உள்ள எடம் எங்கம்மா இருக்கும்? நான் கெழவி ஆக வேணாமா?"

அறுவை சிகிச்சை நடந்த அன்று மதியம் நர்ஸ் ஒருவர் வேகமாக வெளியே வந்தார். "பழைய கம்பி வெளிய வந்துடுச்சு. ஆனா ரத்தம் நிக்கல, நெஞ்சைத் திறக்கறாங்க," என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினார். அம்மா தங்கையின் துப்பட்டாவை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். யாருக்கெல்லாம் சொல்ல வேண்டும் என்று என் மனம் யோசிக்கத் தொடங்கியது. கைபேசியில் அவள் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தேன். மஞ்சள் சுடிதாரில், வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிச் சிரிக்கும் படம் ஒன்று. இதைப் பெரிதாக்கி மாலை போட்டால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. அழவில்லை. நிதானமாகத்தான் தேர்ந்தெடுத்தேன்.

பொழுது சாயும் நேரத்தில் டாக்டர் வந்தார். "தெச்சுட்டோம். புதுக் கம்பியும் வெச்சாச்சு. பொழைச்சுக்கிட்டாம்மா," என்றார். அம்மா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

இப்போது அவள் ஆனேக்கல்லில் ஒரு பள்ளியில் ஆசிரியை. நெஞ்சுத் தழும்பை மறைப்பதுமில்லை, அதைப் பற்றிப் பேசுவதுமில்லை. அன்று நடந்தது எதுவும் அவளுக்கு நினைவில்லை. அந்த மஞ்சள் சுடிதார் படத்தைத்தான் வாட்ஸ்அப்பில் வைத்திருக்கிறாள். அவள் கூப்பிடும்போதெல்லாம் அது திரை நிறைய வந்து சிரிக்கிறது. எடுக்கக் கை சட்டென்று எழுவதில்லை.

"என்னக்கா, போன் எடுக்க இவ்ளோ நேரமா?" என்பாள்.

"கையில வேலையா இருந்தேன்டி," என்பேன்.